மருத்துவமனைச் சீட்டிலிருந்து இடைக்கால உத்தரவு வரை

குடும்ப வன்முறை என்றதும் எல்லோருக்கும் காவல் நிலையம்தான் நினைவுக்கு வரும். அடிபட்டிருந்தால் அதற்கு முன்பே அரசு மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். காயத்தோடு வருபவர்களுக்கான ஏ.ஆர். என்னும் விபத்துப் பதிவேட்டில் மருத்துவர் எழுதுவதுதான் முதல் சாட்சியம். மாமியார் பக்கத்தில் நிற்கும்போது பல பெண்கள் "படியில் வழுக்கி விழுந்துட்டேன்" என்று சொல்லிவிடுகிறார்கள். பின்னாளில் எதிர்த்தரப்பு வக்கீல் நீதிமன்றத்தில் வாசித்துக் காட்டுவது அந்த வரியைத்தான். கூட வந்தவர்களைக் கொஞ்சம் வெளியே இருக்கச் சொல்லும்படி நர்ஸம்மாவிடம் கேட்கலாம், தவறே இல்லை.

ராத்திரியில் போக்கிடம் இல்லையென்றால் மகளிர் உதவி எண் 181-ஐ அழையுங்கள். பாதிக்கப்பட்ட பெண்களுக்கென மாவட்டத்தில் இருக்கும் ஒருங்கிணைந்த சேவை மையத்தில் சில நாள் தங்கலாம். வளர்ந்த ஆண்பிள்ளை கூட இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள். வயது வரம்பு உண்டு.

மகளிர் காவல் நிலையத்தில் மனு கொடுத்தால் அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் கிளம்பாதீர்கள். இருவரையும் உட்கார வைத்துப் பேசி, "இனி சேர்ந்து வாழ்கிறோம்" என்று எழுதி வாங்குவது இன்றும் நடக்கிறது. விருப்பமில்லாமல் கையெழுத்துப் போட வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை.

அடுத்து, மாவட்ட சமூகநல அலுவலகத்தில் இருக்கும் பாதுகாப்பு அலுவலர். கட்டணம் கிடையாது. 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைப் பாதுகாப்புச் சட்டப்படி குடும்ப நிகழ்வு அறிக்கையை அவர்தான் எழுதி நீதித்துறை நடுவருக்கு அனுப்புவார். இங்கே அவசரப்படவே கூடாது. அடி உதையை மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடுகிறார்கள். சம்பளத்தைப் பிடுங்கிக்கொண்டது, ஏ.டி.எம். கார்டை வைத்துக்கொண்டது, நகையை அடகு வைத்தது, விருப்பமில்லாத உறவுக்குக் கட்டாயப்படுத்தியது, பிள்ளைகள் முன்னால் கேவலமாகப் பேசியது எல்லாமே சட்டத்தின் கண்ணில் வன்முறைதான். தேதி நினைவில்லை என்றால் "பொங்கலுக்கு மறுநாள்" என்றாவது சொல்லுங்கள். சீதனப் பொருள்களைச் சவரன் கணக்கோடு எழுதித் தாருங்கள். கணவரின் வேலையிட முகவரியும் வேண்டும். வீட்டு முகவரிக்குப் போகும் நோட்டீஸ் ஆள் இல்லை என்று திரும்பி வந்தே மாதங்கள் ஓடிவிடும்.

இந்தச் சட்டத்தின் 12-ஆம் பிரிவில் நிவாரணம் கேட்டு நடுவரிடம் போடும் மனுவுக்கு மூன்று நாளில் முதல் வாய்தா, அதிலிருந்து 60 நாளில் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடப்பில் இழுக்கும். அதனால்தான் 23-ஆம் பிரிவில் இடைக்கால மனுவையும் கூடவே போடச் சொல்கிறோம். அதில் பாதுகாப்பு, தங்கும் உரிமை, செலவுத் தொகை மூன்றையும் கேளுங்கள். வீடு மாமனார் பெயரில் இருந்தாலும் தங்கும் உரிமை கோரலாம் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வருமானமும் சொத்தும் காட்டும் பிரமாணப் பத்திரம் இல்லாமல் செலவுத் தொகை மனு நகராது. வக்கீலுக்குப் பணமில்லையே என்று தயங்க வேண்டாம். வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்குச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் தரும், எண் 15100.

உத்தரவு நகலுக்கும் காசு கட்ட வேண்டாம். ஒன்றைப் பிறந்த வீட்டில் வையுங்கள், ஒன்றைப் போனில் படமெடுத்து வையுங்கள். பாதுகாப்பு உத்தரவை மீறிக் கணவர் வாசலில் வந்து நின்றால் அதுவே தனிக் குற்றம்: ஓராண்டு வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அழைத்ததும் வரும் காவலரிடம் முதலில் அந்த நகலைக் காட்டுங்கள்.