சோயா சாஸுக்கு மாற்று தேடும் நாட்கள்

ஜூன் 4
மகளுக்கு சோயா ஒவ்வாமை என்று உறுதியாகிவிட்டது. சோயா சாஸ் பாட்டிலை அப்புறப்படுத்தியாயிற்று. மாற்று என்று தேடினால் முதலில் வருவது தமாரியும் (பெரும்பாலும் கோதுமை சேர்க்காத ஜப்பானிய சோயா சாஸ்) மிசோவும் (புளிக்கவைத்த சோயா விழுது). இரண்டுமே சோயாவில் செய்தவை. கோதுமை ஆகாதவர்களுக்குத் தமாரி கைகொடுக்கலாம், இவளுக்கு ஆகாது. லிக்விட் அமினோஸ் என்று விற்கும் சோயா சாஸ் போன்ற திரவமும் பெரும்பாலும் சோயாதான்.

ஜூன் 6
இன்று காளானை உப்பு, மிளகோடு மட்டும் வதக்கினேன். உப்பு சரியாக இருந்தும் ருசி நாக்கில் நிற்கவில்லை. சோயா சாஸில் உப்பு ஒரு பங்குதான். மீதி நிறம், மெல்லிய இனிப்பு, துளி புளிப்பு, எல்லாவற்றுக்கும் மேலே உமாமி என்ற, நாக்கில் நிற்கும் சுவை. சோயாவும் கோதுமையும் கோஜி என்ற, புளிக்கவைக்கும் பூஞ்சை ஏறி, உப்புநீரில் மாதக்கணக்கில் ஊறும்போது புரதம் உடைந்து, உமாமி தரும் குளுட்டமேட் பிரிகிறது. 1908இல் ஜப்பானிய வேதியியலாளர் கிகுனே இகெடா கொம்பு என்ற கடற்பாசியிலிருந்து பிரித்தெடுத்து உமாமி என்று பெயர் வைத்தது இந்தச் சுவைக்குத்தான். அப்படியானால் குளுட்டமேட் ஏற்கெனவே இருக்கும் பொருளிலிருந்து தொடங்குவதே சரியான வழி.

ஜூன் 9
உலர்ந்த ஷிடாகே காளானை இரவு முழுக்கக் குளிர்ந்த நீரில் ஃபிரிட்ஜில் ஊறவைத்தேன். காலையில் நீர் தேன் நிறத்துக்கு வந்திருந்தது. அடியில் தங்கிய மண்ணை விட்டுவிட்டு, நீரை மட்டும் வடித்துப் பாதியாகச் சுண்டவிட்டேன். இன்னொரு வாணலியில் தக்காளி விழுதை எண்ணெயில் செங்கல் நிறம் மாறிக் கருஞ்சிவப்பாகும் வரை வதக்கி, இந்த நீரை ஊற்றி, உப்பு, சிட்டிகைச் சர்க்கரை, சில துளி வினிகர் சேர்த்துக் கொதிக்கவிட்டு வடிகட்டினேன். தக்காளியில் குளுட்டமேட், உலர்ந்த ஷிடாகேயில் குவானிலேட் என்ற இன்னொரு உமாமிப் பொருள். இரண்டும் சேர்ந்தால் ஒன்றையொன்று தூக்கிக் கொடுக்கும். ஃப்ரைட் ரைஸில் விட்டதும் அந்த நாக்கில் நிற்கும் ருசி வந்துவிட்டது. நிறம் கொஞ்சம் சிவப்பு, போகட்டும். மகள் தட்டை வழித்துச் சாப்பிட்டதைப் பார்க்க மனசு நிறைந்தது.

உப்புக்கு ஒரு கணக்கு: ஒரு மேசைக்கரண்டி சோயா சாஸில் ஏறக்குறைய 900 மில்லிகிராம் சோடியம், அதாவது அரைத் தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவான உப்பு.

ஜூன் 13
கோகோனட் அமினோஸ் வாங்கிப் பார்த்தேன். தென்னம்பாளைச் சாற்றைப் புளிக்கவைத்து உப்பு சேர்த்தது. இனிப்பு தூக்கல், உப்பு கம்மி. நூடுல்ஸில் தனியாக உப்பு போட்டு, சர்க்கரையை விட்டுவிட்டால் நன்றாக இருக்கிறது. தொல்லை இல்லாத, சுலபமான மாற்று.

ஜூன் 15
மீன் சாஸ். நெத்திலி மாதிரி சின்ன மீனை உப்பில் ஊறப்போட்டு எடுக்கும் நீர். சூப்பில் சோயா சாஸ் விடும் அளவில் மூன்றில் ஒரு பங்கே போதும். கொதித்தால் வாடை அடங்கிவிடும். தொட்டுக்கொள்ள மட்டும் வேண்டாம், பச்சையாக வாடை தூக்கி அடிக்கும்.

ஜூன் 18
வூஸ்டர்ஷைர் சாஸ் (வினிகரில் நெத்திலியும் மசாலாவும் சேர்த்த ஆங்கிலேய சாஸ்) லேபிளைப் படித்தேன். கடையில் எடுத்த இந்த பாட்டிலில் சோயா இருக்கிறது, திருப்பி வைத்துவிட்டேன். சில தயாரிப்புகளில் இருக்காதாம், அதனால் ஒவ்வொரு முறையும் படித்தே வாங்க வேண்டும். பாட்டில் மாறாவிட்டாலும் சேர்மானம் மாறலாம். காளான் சாற்றை இனி ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைக்கப் போகிறேன். சமைக்கும்போது ஒரு கட்டி எடுத்துப் போட்டால் ஆயிற்று.