முக்குக்கடை, 2024 மார்ச் மாசம்

மார்ச் 17, ஞாயிறு

ஜெயிச்சாச்சு. நாம 93, விஸ்கான்சின் 87. காலேஜ் பாஸ்கெட்பால், பிக் டென் கப்பு எங்க காலேஜ் இல்லினாய்க்கு. இவர் சோஃபாவுல படுத்த வாக்குலயே ஒரு கைய தூக்கினார், கழுத்துல பிளாஸ்திரி இருக்கறதால இன்னொரு பக்கம் திரும்ப முடியல. பாப்பா மாடில இருந்து "என்ன சத்தம்"னு கேட்டா. சத்தமே இல்ல, நான் மட்டும்தான் கத்தினேன்.

மார்ச் 18, திங்கள்

ஃபோன் வரல.

மார்ச் 19, செவ்வாய்

இவரோட டெஸ்ட் ரிசல்ட் வர 7ல இருந்து 10 நாள் ஆகும்னு சொன்னாங்க. வேலை நாளா இல்ல மொத்த நாளான்னு கேக்க விட்டுட்டேன்.

தூக்கம் வராம கூகுள் மேப்ல நாங்க படிச்ச ஊர் ஷாம்பெய்ன் போட்டு கிரீன் ஸ்ட்ரீட்ல நடந்தேன். விரலாலதான் நடந்தேன், ஆனா ரைட் ஸ்ட்ரீட் முக்கு வந்ததும் கால் தானா திரும்புற மாதிரிதான் இருந்துச்சு. டேனியல் ஸ்ட்ரீட்ல எல்லாமே உயரமாயிடுச்சு. கேம்ஸ் பார் இருந்த இடத்துல கேம்ஸ் இல்ல, அது ஃபர்ஸ்ட் அண்ட் கிரீனுக்கு போயிடுச்சு, பேரு அதே பேரு. எஸ்பிரெஸ்ஸோ ராயல் காபிக்கடை 2020ல எல்லாக் கடையையும் மூடிட்டாங்க. நம்ம முக்குக்கடை இருந்த இடத்துல கண்ணாடி வச்ச அபார்ட்மென்ட், கீழ பபுள் டீ.

அந்த பாருக்கு முக்குக்கடைன்னு பேரு வச்சது நாங்கதான், போர்டுல வேற பேரு. எதிர் ஃபிளாட் மதுரை அண்ணன் ஒருநாள் "முக்குக்கடைக்கு போய்ட்டு வருவோமாப்பா"ன்னு டீக்கடைக்கு கூப்புடுற மாதிரி கூப்புட்டார், அதுல இருந்து அதுதான் பேரு. 6 டிவி, கதவுக்கு பக்கத்துல ஒரு தூண், தூணுக்கு ஒட்டி ஒரு மேஜை. அந்த மேஜைல உக்காந்தா ரெண்டு டிவி மட்டும்தான் தெரியும், அதனால யாரும் வரமாட்டாங்க, அதனாலதான் அது நமக்கு. எனக்கு கோக், இவருக்கு ஒரே ஒரு பியர், அத 3 மணி நேரம் வச்சிருப்பார். நான் சைவம், சீஸ் ஃப்ரைஸ் ஒரு தட்டு, 5 பேர் சாப்புடுவோம். யாரும் ஒருநாளும் எழுந்துக்கோங்கன்னு சொன்னதில்ல.

அந்த மேஜை எங்க போயிருக்கும்? இடிக்கும்போது மரச்சாமான எல்லாம் என்ன பண்ணுவாங்க?

மார்ச் 21, வியாழன்

85-69. தேசிய டோர்னமென்ட் முதல் மேட்ச்ல மோர்ஹெட் ஸ்டேட்ட அடிச்சு தூக்கியாச்சு. நம்ம டோமாஸ்க் டிரிபிள் டபுள், மூணுலயும் ரெட்டை இலக்கம், 12 பாயிண்ட் 11 ரீபவுண்ட் 10 அசிஸ்ட். ஆஃபீஸ் கால் ஓடிட்டு இருக்கும்போதே மியூட் போட்டு பாத்தேன்.

ஃபோன ரெண்டு தடவ செக் பண்ணேன், சைலன்ட்ல இருக்கான்னு. இல்ல.

மார்ச் 23, சனி

89-63. டுகேனையும் அடிச்சாச்சு. ஸ்வீட் சிக்ஸ்டீன், கடைசி 16 டீம்ல நாம. 2005க்கு அப்புறம் இப்போதான். டிவில அத சொன்னப்போ இவர் என்ன பாத்தார், நான் டிவிய பாத்தேன்.

19 வருஷம். பாப்பா கேட்டா, "2005ல நீ எங்கம்மா பாத்த?" பார்லன்னு சொன்னேன். "நீ பாருக்கு போவியா?"ன்னு கண்ண விரிச்சா. அவளுக்கு எப்படி சொல்றதுன்னு தெரியல. திருச்சில இருந்து வந்த பொண்ணு, ஞாயித்துக்கிழம காலைல காலிங் கார்டு போட்டு அம்மாகிட்ட "லைப்ரரில இருந்தேம்மா"ன்னு சொன்ன பொண்ணு. லைப்ரரிலயும்தான் இருந்தேன், அதுவும் பொய் இல்ல. அந்த அண்டர்கிராட் லைப்ரரியும் 2022ல மூடிட்டாங்க, பூமிக்கு அடியில இருந்தது, மோரோ பிளாட்ஸ்ங்கற ஆராய்ச்சி வயலோட சோளத்து மேல நிழல் விழக்கூடாதுன்னு கீழ கட்டினாங்கன்னு சொல்லுவாங்க. நான் மறைச்ச இடமும் இல்ல, மறைக்கறதுக்கு சொன்ன இடமும் இல்ல.

முதல் தடவ போனப்போ வாசல்ல ஐடி கேட்டான். லைசென்ஸ் கிடையாது, பாஸ்போர்ட் எடுத்துட்டு போனேன். சிங்க முத்திரை போட்ட பாஸ்போர்ட்ட டார்ச் அடிச்சு திருப்பித் திருப்பி பாத்தான். ஷாம்பெய்ன்ல 19 வயசுக்கே உள்ள விடுவாங்க, 21 ஆனவங்களுக்கு கைல பட்டை கட்டுவாங்க. என் கைல கட்டினான். நான் ஒரு சொட்டு குடிக்கல, ஆனா அந்த பட்டைய ஃபிளாட்டுக்கு வந்தும் ரெண்டு நாள் கழட்டல.

மார்ச் 24, ஞாயிறு

அம்மா பேசினா. நாளைக்கு பங்குனி உத்திரம், வயலூர் போறாளாம். "மாப்பிள்ளை ஏன் ஃபோன்ல வரல"ன்னா. தூங்குறார்னு சொன்னேன். பக்கத்துலதான் இருந்தார். மறுபடியும் லைப்ரரி.

மார்ச் 25, திங்கள்

ஃபோன் வரல. நானே கூப்டேன், 20 நிமிஷம் மியூசிக், அப்புறம் "இன்னும் வரல, வந்ததும் சொல்றோம்." ஆஸ்பத்திரி போர்ட்டல்ல ரிசல்ட் முன்னாடியே வந்துடும், டாக்டர் பேசற வரைக்கும் திறக்காம இருந்தா நல்லதுன்னும் சொன்னாங்க. இத ஏன் எங்கிட்ட சொன்னாங்கன்னு இருக்கு. இனிமே ஈமெயில் சத்தம் கேட்டாலும் பயம்.

மார்ச் 26, செவ்வாய்

இன்னைக்குத்தான் அந்த நாள். 2005 மார்ச் 26, சனிக்கிழம, அரிசோனா.

முழுசா எழுதி வச்சிடறேன். மத்தியானம் ஃபிளாட்ல எல்லாரும் சேந்து தயிர்சாதம், ஆவக்காய். கடைல வாங்கி சாப்புட யாருக்கும் காசு கிடையாது, அதனால வயித்த ரொப்பிட்டுதான் கெளம்புவோம், எல்லா மேட்சுக்கும் அப்படித்தான், அந்த தயிர்சாதம் ராசின்னே ஆயிடுச்சு. ஆரஞ்சு டீ ஷர்ட், இவன்கிட்ட ஆரஞ்சு இல்ல, காவி கலர் துண்டு ஒண்ணு இருந்துச்சு, பழனில வாங்கினது, அத கழுத்துல சுத்திக்கிட்டான். (அப்போ இவன்தான். "ங்க" எல்லாம் கிடையாது.) உள்ள நிக்க இடமில்ல ஆனா தூணு மேஜை காலி. சிகரெட் புகை, 2008 வரைக்கும் உள்ளேயே புடிப்பாங்க, கோட்டு ஒரு வாரம் நாறும்.

4 நிமிஷம்தான் இருக்கு, அரிசோனா 75, நாம 60. பக்கத்துல ஒரு வயசான மனுஷன் தலைல கைய வச்சு உக்காந்துட்டார், 50 வருஷமா பாக்கறேன்னு சொன்னவர். எனக்கு கணக்கு புரியல, இவன்தான் சொன்னான், "12 பந்துல 40 ரன் மாதிரி வச்சுக்கோ." அப்போ முடியாதான்னேன். "முடியாது"ன்னான். சொல்லிட்டு எழுந்து நின்னுட்டான், துண்ட ரெண்டு கையால புடிச்சுக்கிட்டு. அப்புறம் லூத்தர் ஹெட் பந்த தட்டிப் பறிச்சான், டீ பிரவுன் ஓடினான், 38 செகண்ட் இருக்கும்போது டெரான் வில்லியம்ஸ் தூரத்துல இருந்து எறிஞ்சான், 80-80. அந்த சத்தம். அந்த மாதிரி சத்தத்துக்குள்ள நான் அதுக்கு முன்னாடியும் இருந்ததில்ல பின்னாடியும் இருந்ததில்ல, ஸ்ரீரங்கத்துல சொர்க்கவாசல் திறக்கறப்போ கேட்டதுதான் கொஞ்சம் கிட்ட வரும். ஓவர்டைம்ல 90-89. அந்த பெரியவர் என் ரெண்டு கையையும் புடிச்சுக்கிட்டு அழுதார். பேரு தெரியாது. அவருக்கும் என் பேரு தெரியாது.

இவன் அன்னைக்கு கேக்கல. ஒரு வாரம் கழிச்சு லூயிவில் டீம ஜெயிச்ச ராத்திரி, 72-57, கிரீன் ஸ்ட்ரீட் முழுக்க ஜனம், லா பாம்பா பரிட்டோ கடை வாசல்ல வரிசைல நிக்கும்போது கேட்டான். நான் சரின்னேன்.

இப்போ உள்ள தூங்கிட்டு இருக்கார். மூச்சு சத்தம் கேக்குது. கேட்டுட்டு வந்து எழுதறேன்.

மார்ச் 27, புதன்

ஃபோன் வரல.

மார்ச் 28, வியாழன்

மேட்ச் ராத்திரி 9 மணிக்கு மேல. அதுவரைக்கும் என்ன பண்றது, தயிர்சாதம் பண்ணேன். யாரும் கேக்கல, பண்ணேன். அவரும் ஒண்ணும் சொல்லாம சாப்புட்டார், ஆவக்காய் ரெண்டாவது தடவ கேட்டார், எனக்கு தொண்ட அடைச்சுது.

அயோவா ஸ்டேட் 69, நாம 72. எலைட் எயிட். கடைசி நிமிஷத்துல நாங்க ரெண்டு பேரும் சோஃபாவுல இருந்து எழுந்து நின்னோம். பக்கத்துல யாரும் இல்ல. பிரம்மாண்டமா டிவி வாங்கி வச்சிருக்கோம், ஆளு ரெண்டே பேரு.

எனக்கு வேண்டியது இதுதான்னு நினைக்கறேன், ஒரு இடம், அங்க முகம் தெரியாதவங்க 200 பேர், எல்லாரும் ஒரே விஷயத்துக்கு காத்துக்கிட்டு. இப்போ நாங்க காத்துக்கிட்டு இருக்கறத யாருக்கும் சொல்லல. மதுரை அண்ணனுக்கு மட்டும் சொல்லலாமான்னு பாத்தேன், ஸ்கோர் மட்டும் அனுப்பினேன். அவர் உடனே "முக்குக்கடை"ன்னு ஒரே வார்த்தை அனுப்பினார்.

மார்ச் 29, வெள்ளி

வெபர் ஞாபகம் வந்துட்டே இருக்கு, அப்போதைய கோச், புரூஸ் வெபர். அந்த வருஷம் பிக் டென் டோர்னமென்ட் நடுவுல அவங்க அம்மா இறந்துட்டாங்க, மார்ச் 11. மறுநாள் மேட்ச்ல அவர் வந்து நின்னார். நாங்க தூணு மேஜைல இருந்து பாத்தோம், கடைல அன்னைக்கு ஒரு நிமிஷம் யாரும் பேசல. அப்போ எனக்கு 24 வயசு, எப்படி நின்னார்னு அப்போ யோசிக்கல. இப்போ அதையேதான் யோசிக்கறேன். பாத்திரம் தேய்க்கும்போது, கார்ல சிக்னல்ல, பாப்பாவுக்கு லைப்ரரில எக்லிப்ஸ் கண்ணாடி வாங்க நின்னப்போ. ஃபைனல்ல நார்த் கரோலினாகிட்ட 75-70ல தோத்தோம், 70-70 வரைக்கும் வந்து, 37 ஜெயிச்சு 2 தோத்த வருஷம், அந்த கடைசி தோல்விதான் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கு. எனக்கு அவர் மார்ச் 12ல நின்னதுதான்.

வெள்ளிக்கிழம சாயங்காலம் 5 மணி ஆச்சுன்னா அப்புறம் திங்கள்தான் கூப்புடுவாங்க. 5 ஆயிடுச்சு.

மார்ச் 30, சனி

23-23. அதுவரைக்கும் சரியாத்தான் இருந்துச்சு.

ஹாஃப் டைம்ல 28-23 பின்னாடி இருந்தோம், ஒண்ணும் பெருசில்ல, நான் காபி போட போனேன், அப்போதான் அவர் ஃபோன்ல ஈமெயில் சத்தம். "புது டெஸ்ட் ரிசல்ட் வந்திருக்கு." சனிக்கிழம சாயங்காலம். அவர் ஃபோன கவுத்து வச்சார். நான் டம்ளர கீழ வச்சேன். மேட்ச் முடியட்டும்னார்.

அப்புறம் கனெக்டிகட் அடிச்சது அடிச்சது அடிச்சுக்கிட்டே இருந்தது. நடுவுல நமக்கு ஒரு பாயிண்ட் கூட இல்ல. 30-0. 23-23 இருந்தது 53-23 ஆயிடுச்சு. இவ்வளவு வருஷத்துல இப்படி ஒண்ணு பாத்ததில்ல. அந்த நெட்டையன், கிளிங்கன், போட்டா தடுத்தான், போடாட்டியும் தடுத்தான். அவர் டிவிய அணைக்கல. கடைசி வரைக்கும் பாத்தார், 77-52. முக்குக்கடைலயும் அப்படித்தான், தோத்த மேட்சுக்கும் கடைசி விசில் வரைக்கும் உக்காந்திருப்பான், எழுந்து போறவங்கள பாத்தா அவனுக்கு புடிக்காது.

ஃபோன் இன்னும் கவுந்தபடிதான் இருக்கு. திங்கள் டாக்டர்கிட்டயே கேட்டுக்கலாம்னார். சரின்னேன்.

மார்ச் 31, ஞாயிறு

ராத்திரி 3 மணிக்கு முழிப்பு வந்தப்போ அவர் பக்கத்துல இல்ல. கீழ லைட் எரிஞ்சுது. நான் இறங்கல.

காலைல 6 மணிக்கு வந்து கால தட்டினார். "கெளம்பு, ஷாம்பெய்ன் போய்ட்டு வரலாம்." ஈஸ்டர், எல்லாம் மூடியிருக்குமேன்னேன். "சும்மா அந்த முக்குல நிக்கலாம்." ஷேவ் பண்ணியிருந்தார். பிளாஸ்திரிய எடுத்துட்டார். முகத்த நல்லா பாத்தேன், ஒண்ணும் தெரியல, ஓவர்டைம் மூஞ்சி. கேக்கல.

கங்ககி தாண்டி பெட்ரோல் போட நிறுத்தியிருக்கோம், கார்ல உக்காந்து எழுதறேன். ரெண்டு பக்கமும் வெறும் கருப்பு மண்ணு, இன்னும் சோளம் போடல. பாப்பா பின்னாடி தூங்குறா. டிக்கில தயிர்சாதம் இருக்கு. அவர் பையில அந்த காவித் துண்டு, எங்க இருந்து எடுத்தார்னு தெரியல, அத நான் 10 வருஷமா பாக்கல. பம்ப் பக்கத்துல நின்னு யார்கிட்டயோ பேசிட்டு இருக்கார், மதுரை அண்ணனாத்தான் இருக்கணும், கைய ஆட்டி ஆட்டி பேசறார், ஃபோன வச்சுட்டார், இதோ வர்றார்