கருகிய கட்டியில் இருந்த எண்

தீயில் சிக்கிய நகை பட்டறைக்கு வந்தால் உடனே நெருப்புக் காட்டக் கூடாது. தட்டில் சாம்பலோடு கொட்டப்பட்ட கட்டியைக் காட்டி, "எல்லாத்தையும் ஒண்ணா உருக்கிடுங்க பத்தரே, பிரிச்சுப் பார்த்து என்ன ஆகப்போகுது" என்று அந்த அம்மாள் சொன்னபோது நான் மறுத்ததற்கு இதுதான் காரணம்; அதாவது, அப்போது நான் சொன்ன காரணம்.

தூய தங்கம் உருக 1064 டிகிரி வேண்டும். வீட்டுத் தீயில் அதற்கு முன்பே இளகுவது கண்ணிகளைப் பற்றவைத்த பொடிதான். ஆகவே கட்டி போலத் தெரிந்தது உண்மையில் உருகிய தங்கம் அன்று, கருகிய பர்ஸ் பிசினாக ஒட்டிப் பிடித்திருந்த சங்கிலிகள் என்று ஊகித்தேன். அதன் ஓரத்தில் வெள்ளையாக ஒரு துளி உறைந்திருந்தது. பரணில் சீர்ப் பாத்திரங்களோடு ஈயச் சொம்பும் இருந்ததாக அவர் மகன் சொன்னார். வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகி வழியும். அது ஒட்டிய தங்கத்தை நெருப்பில் ஊதினால் உள்ளே இறங்கிவிடும், பிறகு கம்பி இழுக்கும்போது தங்கம் நொறுங்கும். நகத்தால் கீறினாலே தடம் விழுந்தது. வெள்ளி அவ்வளவு மிருதுவாக இராது. அந்தத் துளியைக் குளிர்ந்த நிலையிலேயே சுரண்டி எடுத்தேன்.

காந்தத்தை ஓட்டி ஆணித் துணுக்குகளையும் பொறுக்கினேன். இரும்பு கலந்து, நகையைச் சுத்தம் செய்யும் திராவகத்தில் விழுந்தால் தங்கத்தின் மேல் செம்பு படிந்து சிவக்கும். பிறகு வெதுவெதுப்பான பூந்திக்கொட்டைத் தண்ணீரில் ஊறவைத்து, ஊசியால் கரியை நெம்ப நெம்ப, கட்டி இரண்டு சங்கிலிகளாகப் பிரிந்தது. கனமானதைத் தொட்டு, "அது என்னோடது" என்றார் அம்மாள். அதுவரை வாசலோரம் நின்றிருந்த மருமகள் அப்போதுதான் வாய் திறந்தாள்: "அண்ணே, அதுல நம்பர் ஏதாவது இருக்கா?"

இருந்தது. கொக்கியருகே எழுத்தும் எண்ணும் கலந்து ஆறு குறிகளாக, 2021 முதல் நகைகளில் வரும் ஹால்மார்க் அடையாளம். லென்ஸை வைத்து உரக்கப் படித்தேன். மற்றதில் முத்திரையே இல்லை. உரைகல்லில் தேய்த்துப் பார்த்தால் மாற்றும், அதாவது தங்கத்தின் தரமும், குறைவாக இருந்தது. அம்மாள் என்னைப் பார்த்து, "கழுவத்தான் கொடுத்தோம், வழக்குப் பேச இல்லை" என்றார்.

அந்தச் சொல்தான் இன்னும் உறுத்துகிறது. கேட்டதற்குப் பதில் சொன்னேன், யாருடையது என்று நான் சொல்லவில்லையே என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். அந்த எண் நகையின் தரத்தையும் முத்திரையிட்ட இடத்தையும் காட்டும். யார் கழுத்தில் கிடந்தது என்று காட்டாது. அம்மாள் தன் பழைய நகையைப் போட்டு அண்மையில் புதிது வாங்கியிருக்கவும் கூடும். இவ்வளவும் எனக்குத் தெரியும், ஆனால் அங்கே இதை விளக்கவில்லை. எண்ணை மட்டும் படித்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன். பாதி சொல்வது நடுநிலைதானா? மறுபக்கம், லென்ஸ் இருந்தது என் கையில் மட்டும்தான்; கேட்டவளிடம் தெரியாது என்று சொல்ல எனக்கு என்ன உரிமை?

பளபளப்பாக மெருகேற்றச் சொன்னதையும் செய்யவில்லை. லேசாகப் பொறித்த அந்த எழுத்து மெருகுச் சக்கரத்தில் தேய்ந்துவிடும் என்பது தொழில் நியாயம். ஆனால் மருமகள் கேட்காமலிருந்தால் இவ்வளவு தயங்கியிருப்பேனா என்று தெரியவில்லை. நீர்த்த கந்தகத் திராவகத்தில் செம்புக் கருமை போகுமளவு மட்டும் வைத்து எடுத்து, இரண்டையும் தனித்தனியே நிறுத்து, மகன் பெயரில் ஒரே ரசீது கொடுத்தேன். தாயும் மனைவியும் நிற்க, அவர் எதுவும் பேசவில்லை. அதுவும் எனக்கு வசதியாகவே இருந்தது.

சில மாதங்கள் கழித்து முத்திரையில்லாத சங்கிலியை உருக்கித் தோடு செய்யக் கொண்டுவந்தவள் மருமகள். மற்றது எங்கே என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. இப்போது தீயில் கிடந்த நகை எது வந்தாலும், யாரும் கேட்கும் முன்பே எடையையும் எண்ணையும் ரசீதில் எழுதிவிடுகிறேன். கழுவ மட்டுமே வந்த இன்னொரு குடும்பத்துக்கு அதுவும் வழக்காகத் தோன்றலாம்.