373 பிள்ளைகளில் என் தம்பி

2018-ல் என் மகளுக்கு 6-வது வாரத் தடுப்பூசி போட நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போயிருந்தோம். ஊசிக்கு முன்னால் நர்ஸம்மா குழந்தையின் வாயில் சொட்டு மருந்து விட்டார். போலியோ சொட்டு என்று நினைத்தேன். "அது முன்னாடியே விட்டாச்சு. இது ரோட்டா, பேதிக்கு" என்றார். கூட வந்திருந்த அம்மா, "பேதிக்குக் கூடவா சொட்டு வந்திருச்சு?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். அப்புறம் ஆட்டோ வேலூரில் எங்கள் பகுதியான கஸ்பா வந்து நிற்கும்வரை பேசவே இல்லை. யாரை நினைத்துக்கொண்டிருந்தாள் என்று எனக்குத் தெரியும்.

எனக்கும் தம்பிக்கும் நடுவில் ஒரு தங்கை இருந்தாள். 9 மாதக் குழந்தை, இரண்டே நாள் வாந்தி பேதியில் போய்விட்டாள். எனக்கு அப்போது ஏழு வயது. தோஷம் என்று சொல்லி மசூதி வாசலுக்குத் தூக்கிப்போய் ஓதிக்கொண்டு வந்தார்கள். தண்ணீர் கொடுத்தால் இன்னும் போகும் என்று ஆயா, அப்பாவின் அம்மா, சொன்னதால் அம்மா ஒரு பாலாடைத் தண்ணீர்கூட ஊற்றவில்லை. பேதியில் பிள்ளையைக் கொல்வது உடம்பில் நீர் வற்றுவதுதான் என்று அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. இன்று 10-ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு உயிரியல் பாடம் எடுக்கிறேன். உப்புச் சர்க்கரைக் கரைசல் பற்றிச் சொல்லும்போதெல்லாம் எனக்குக் குரல் மாறிவிடும்.

2002-ல் தம்பி பிறந்தான். அந்த வருஷம்தான் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியான சி.எம்.சி.யிலிருந்து ஆட்கள் வந்து, புதிதாய்ப் பிறந்த பிள்ளைகளை 3 வயது வரை தொடர்ந்து பார்க்கப்போகிறோம் என்றார்கள். ஆயாவுக்குப் பிடிக்கவில்லை. 6 மாதத்துக்கு ஒரு தடவை ரத்தம் எடுப்பார்கள் என்று கேட்டதும், "புள்ள ரத்தத்த எதுக்கு எடுக்கிறானுங்களோ" என்று திண்ணையில் உட்கார்ந்து சத்தம் போட்டாள். அம்மா பீடி முறத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய்க் கையெழுத்துப் போட்டாள். அம்மா மாமியாரை மீறி நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான்.

அதற்கப்புறம் வாரம் இரண்டு தடவை ஒரு அக்கா வருவார். கையில் நோட்டு, தோளில் பை. "இன்னா பாப்பா, தம்பி நல்லா கீறானா? எத்தினி தபா போனான்?" இதுதான் முதல் கேள்வி. அம்மா பீடி சுற்றுகிற கையை நிறுத்தாமல் பதில் சொல்வாள். 15 நாளைக்கு ஒரு தடவை, பேதி இருந்தாலும் இல்லாவிட்டாலும், மலம் எடுத்து வைக்க வேண்டும். மூடியிலேயே சின்னக் கரண்டி ஒட்டிய டப்பா. அதை எடுத்து வைப்பது என் வேலை. பேதி வந்துவிட்டால் ஒருநாள் விட்டு ஒருநாள் எடுப்பார்கள். வெயில் கொளுத்துகிற மே மாதத்திலும் அந்த அக்கா வராமல் இருந்ததாக எனக்கு நினைவில்லை.

சொட்டு மருந்து போட்ட அன்று ராத்திரி, குழந்தை தூங்கினதும் போனில் தேட ஆரம்பித்தேன். 2011-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் என்ற மருத்துவ இதழில் ரோட்டா பற்றி வந்த ஒரு கட்டுரை கிடைத்தது. ஆசிரியர் வரிசையில் முதல் பெயர் பெரில் கிளாட்ஸ்டன், கடைசிப் பெயர் சி.எம்.சி.யின் பேராசிரியர் ககன்தீப் காங். வேலூர்க் குடிசைப் பகுதிகளில் 452 குழந்தைகளைச் சேர்த்தார்கள், 373 பேர் 3 வருஷத்தையும் முடித்தார்கள் என்று இருந்தது. அந்த எண்ணைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். அதில் ஒன்று என் தம்பி. நான் எடுத்து வைத்த டப்பாக்கள் அந்தக் கட்டுரைக்குள் இருக்கின்றன. 452-ல் 79 குறைகிறதே, அது யார் யார் என்றும் யோசித்தேன். எங்கள் எதிர்வீட்டுக்காரர்கள் ஷூ கம்பெனி வேலைக்காக ஆம்பூருக்குக் குடிபோனபோது அவர்கள் பாப்பாவுக்கு ஒரு வயதுகூட ஆகவில்லை.

ரோட்டா, பேதியை உண்டாக்குகிற ஒரு வைரஸ். ரோட்டா என்றால் லத்தீனில் சக்கரம். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் சக்கரம்போலத் தெரிவதால் அந்தப் பெயர். 1973-ல் மெல்போர்னில் ரூத் பிஷப் குழுவினர் குழந்தைகளின் குடல் திசுவில் கண்டுபிடித்தது. சிறுகுடலின் குடலுறிஞ்சிகளின் நுனி செல்களைத் தாக்கும். நீரை உள்ளிழுக்க வேண்டிய இடமே கெட்டுப்போவதால் பிள்ளை வற்றிவிடுகிறது. நல்ல தண்ணீர், சுத்தமான வீடு இருந்தாலும் இந்த வைரஸ் விடாது. பணக்கார நாட்டுக் குழந்தைக்கும் வரும். அதனால்தான் தடுப்பு மருந்து அவ்வளவு முக்கியம்.

வேலூர்க் கட்டுரை ஏன் பெரிது என்பதற்கு மெக்சிகோவைச் சொல்ல வேண்டும். 1996-ல் அங்கே 200 குழந்தைகளைப் பின்தொடர்ந்து ஒரு கட்டுரை வந்தது. இரண்டு தடவை இந்த வைரஸ் தொற்றிவிட்டால், அதற்கப்புறம் கடுமையான பேதி யாருக்கும் வரவில்லை என்றது. சொட்டு மருந்தும் ஒரு தொற்றைப்போலத்தான் உடம்பைப் பழக்குகிறது. அந்தக் கணக்கை வைத்துப் பார்த்தால் அதுவும் எல்லா ஊரிலும் அப்படியே காப்பாற்றும் என்றுதான் தோன்றும். எங்கள் தெருக்களில் எண்ணிப் பார்த்தபோது, 6 மாதம் முடிவதற்குள் 56 சதவீதப் பிள்ளைகளுக்குத் தொற்றிவிட்டது. மூன்று தடவை தொற்றிய பிறகும் பாதுகாப்பு 79 சதவீதம்தான். மெக்சிகோவின் கணக்கு கஸ்பாவுக்குப் பொருந்தவில்லை.

இதே மாதிரி ஒன்றை வேலூர் முன்பே பார்த்திருக்கிறது. 1970-களில் சி.எம்.சி.யின் பேராசிரியர் ஜேக்கப் ஜான், மேல்நாட்டில் போதுமான போலியோ சொட்டு நம் பிள்ளைகளுக்குப் போதவில்லை, 3 தவணைக்குப் பிறகும் பலருக்கு எதிர்ப்பு உண்டாகவில்லை என்று காட்டினார். வாங்கி வந்த மருந்தை அப்படியே நம்பாமல், நம் பிள்ளைகளின் ரத்தத்தில் பார்த்துச் சொன்ன மனிதர். அவரைப் பற்றி நம் பாடப்புத்தகத்தில் ஒரு பத்தியாவது வர வேண்டும் என்று நான் மனதார ஆசைப்படுகிறேன்.

ரோட்டாவுக்கு இந்தியாவில் உருவான ரோட்டாவேக் சொட்டு மருந்தின் கதை டெல்லியில் தொடங்குகிறது. அங்கே எய்ம்ஸ் மருத்துவமனையில் பிறந்த குழந்தைகளிடம் எடுத்த ஒரு ரோட்டா வைரஸை டாக்டர் மகராஜ் கிஷன் பான் அடையாளம் கண்டார். ஹைதராபாத்தில் பாரத் பயோடெக் நிறுவனம் அதை மருந்தாக்கியது. டெல்லி, புனே, வேலூர் ஆகிய மூன்று இடங்களில் 6,799 குழந்தைகளிடம் சோதித்து 2014-ல் முடிவு வந்தது. கடுமையான பேதியில் பாதிக்குச் சற்று மேல் தடுக்கிறது. குறைவுதான் என்று சொல்பவர்கள் இருக்கலாம். தங்கையைப் பறிகொடுத்தவளுக்கு அந்தப் பாதி எவ்வளவு பெரிது! 2017-ல் தமிழ்நாட்டுத் தடுப்பூசி அட்டவணையில் ரோட்டா சொட்டு சேர்ந்தது. என் மகளுக்கு 6, 10, 14-வது வாரங்களில் கிடைத்தது.

2019-ல் பேராசிரியர் காங், விஞ்ஞானிகளின் அமைப்பான லண்டன் ராயல் சொசைட்டிக்கு உறுப்பினராகத் தேர்வானார். இந்தியாவிலேயே இருந்து வேலை செய்த பெண் விஞ்ஞானிகளில் அந்தப் பெருமையை முதலில் பெற்றவர். செய்தித்தாளைப் பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டினேன். அதன் பக்கத்தில் கட்டுரையின் முதல் பக்கத்தையும் பிரிண்ட் எடுத்து ஒட்டி, 373 என்ற எண்ணைச் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டேன். "ஏன் மிஸ்?" என்று கேட்ட பிள்ளைகளில் நாலு பேர் கஸ்பாவிலிருந்து வருகிறவர்கள். அன்று பாடம் நடத்தவில்லை. அந்த அக்காவைப் பற்றியும் டப்பாவைப் பற்றியும்தான் பேசிக்கொண்டிருந்தோம்.

போன ஞாயிற்றுக்கிழமை தம்பி காட்பாடியிலிருந்து வந்திருந்தான். அம்மா பக்கத்தில் இருக்க, கட்டுரையைத் தமிழில் சொல்லச் சொல்லக் கேட்டான். "எனக்கு எத்தினி தபா வந்துச்சுன்னு அதுல இருக்குதாக்கா?" என்றான். பேர் போட மாட்டார்கள், மொத்தக் கணக்குதான் என்றேன்.

"அதுல எதுக்குடா பார்க்கணும்" என்று அம்மா முறத்தைத் தள்ளி வைத்தாள். "நீ குப்புற விழுந்தப்போ ஒண்ணு. பொங்கல் முடிஞ்சு, பல்லு முளைக்கிறப்போ ஒண்ணு. அப்பால ஆடி வெள்ளிக்கு..." புகையிலைத் தூள் ஒட்டிய விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிக்கொண்டே போனாள்.