ஏணி நகரவே இல்லை

பொங்கல் லீவுக்கு அருப்புக்கோட்டையில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா மகளுக்கு இந்த வருஷம் பிளஸ் டூ, தமிழ் வழி. லீவு முடிந்ததும் திருப்புதல் தேர்வு. "கணக்கு ரெண்டு தடவை முடிச்சாச்சு மாமா" என்று நோட்டை நீட்டினாள். தலைப்புக்குப் பச்சை ஸ்கெட்ச், விடைக்கு அடியில் இரட்டைக் கோடு, ஒரு அடித்தல் திருத்தல் கிடையாது. அதுதான் எனக்கு இடித்தது. கணக்கைப் போட்டுப் பார்த்தவன் நோட்டு இவ்வளவு சுத்தமாக இருக்காது.

ஏழாம் பாடத்தில் சுவரில் சாய்த்த ஏணிக் கணக்கு ஒன்று உண்டு. எண்களை மட்டும் மாற்றிக் கொடுத்தேன். ஏணியின் நீளம் 13 மீட்டர். அடிப்பகுதியைச் சுவரிலிருந்து நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் இழுக்கிறோம். அடி சுவருக்கு 5 மீட்டர் தள்ளி இருக்கும்போது மேல்நுனி என்ன வேகத்தில் இறங்கும்?

படம் போட்டாள். பிதாகரஸ் எழுதினாள். அப்புறம் சுவருக்கும் அடிக்கும் உள்ள தூரமான எக்ஸ் இருந்த இடத்தில் உடனே 5 என்று போட்டுவிட்டு வகையிட்டாள், அதாவது மாறும் வேகத்தைக் கணக்கிட்டாள். 5 மாறாத எண், அதன் வகைக்கெழு, அதாவது மாறும் வேகம், பூச்சியம். கடைசியில் மேல்நுனியின் வேகமும் பூச்சியம் என்று வந்தது. கீழே இழுக்கிறார்கள், மேலே அசையவில்லை. "ஃபெவிகால் போட்டு ஒட்டிட்டியா?" என்றேன். சிரித்தாள், ஆனால் முகம் சுருங்கிவிட்டது. முதலில் வகையிட்டு, அப்புறம் எண்ணைப் போட வேண்டும். போட்டால் நொடிக்கு 5/6 மீட்டர் வேகத்தில் இறங்கும். அவள் நோட்டில் இதே முறை வரி வரியாக இருக்கிறது. கைடைப் பார்த்துக் கண் எழுதியிருக்கிறது, கை எழுதவில்லை.

அவளைச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. நான் பிளஸ் டூ பரீட்சையை 2011-இல் எழுதினேன். அப்போது கணக்குக்கு 200 மதிப்பெண், பத்து மார்க் கேள்வி மட்டும் பத்து எழுத வேண்டும். ஒரு வளைவரையின் நீளம் காணும் கணக்கு, விடை 6ஏ (ஏ என்பது கேள்வியில் வரும் மாறிலி). கைடில் மூன்று முறை படித்திருந்தேன். ஹாலில் விடை ஞாபகம் இருந்தது, வழி ஞாபகம் இல்லை. நடுவில் ஏதேதோ எழுதி, கடைசி வரியில் கூச்சமே இல்லாமல் 6ஏ என்று போட்டேன். விடைத்தாள் நகல் வாங்கிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

சரி, என்ன செய்தோம் என்று சொல்கிறேன். பயிற்சிக் கணக்குகளின் எண்களைத் துண்டுச் சீட்டில் எழுதி, பழைய டிபன் பாக்ஸில் போட்டுக் குலுக்கினோம். பாட வரிசையில் போட்டால் எந்தப் பாடம் என்பதே பாதி விடையைச் சொல்லிக்கொடுத்துவிடும். பரீட்சையில் நீள்வட்டம் என்று ஒரு கேள்வி வந்தால் அது ஐந்தாம் பாடத்து வடிவியலா, ஒன்பதாம் பாடத்துப் பரப்பளவா என்று யார் காதில் வந்து சொல்வார்கள்? சீட்டை எடு, புத்தகத்தில் கேள்வியை மட்டும் பார், மூடு, வெள்ளைத்தாளில் போடு. ஐந்து மார்க் என்றால் பத்து நிமிஷம். 90 மார்க்குக்கு மூன்று மணி நேரம், மார்க்குக்கு இரண்டு நிமிஷம் என்பதுதான் கணக்கு. கடிகாரம் அக்கா கையில். வெளியே தறி ஓடும் சத்தம். "சத்தத்துல யோசிக்க முடியல" என்றாள். ஹாலில் பக்கத்துப் பையன் பேனாவைத் தட்டிக்கொண்டே இருப்பான், பழகிக்கொள் என்றேன்.

தப்பானதை எழுத ஒரு நாற்பது பக்க நோட்டு. முழுக் கணக்கு வேண்டாம், எங்கே சறுக்கியது என்று ஒரே வரி. நான் ஊருக்குத் திரும்பின பிறகு, மூன்று வாரம் கழித்து, அதைப் போட்டோ எடுத்து அனுப்பினாள். 23 வரி. உண்மையிலேயே தெரியாத கணக்கு நாலுதான். வெக்டர் பெருக்கலில் நடு உறுப்புக்கு முன்னால் மைனஸ் போட மறந்தது மட்டும் ஆறு தடவை! தொகையிட்டுவிட்டு மாறிலி சி போடாதது மூன்று. "வெக்டர் வராது மாமா" என்று அதுவரை புலம்பிக்கொண்டிருந்தவள், பிறகு புலம்பவில்லை. ஒரு மைனஸுக்காக ஆறாம் பாடத்தையே ஒதுக்கிவைக்க இருந்தாள்.

ஒரு மார்க் கேள்விகளைப் பற்றி ரொம்பச் சொல்ல ஒன்றுமில்லை. இருபது உண்டு, தினமும் ஒரு பாடத்தின் கடைசியில் இருப்பதைப் போட்டுவிட வேண்டியதுதான். விடையோடு, அது எந்தத் தெரிவு என்ற குறியீட்டையும் சேர்த்து எழுதச் சொல்லி வினாத்தாளிலேயே இருக்கும், அதைப் படிக்காமல் விடுகிறவர்கள் உண்டு. இரண்டு மார்க்கில் முப்பதாவதும் மூன்று மார்க்கில் நாற்பதாவதும் கட்டாய வினா. அங்கே சாய்ஸ் கிடையாது, அதனால் "இந்தப் பாடத்தை விட்டுடலாம்" என்ற பேச்சை நான் ஒத்துக்கொள்வதில்லை. பன்னிரண்டாம் பாடத்தை மட்டும் யாராவது விட்டால் எனக்குக் கோபமே வரும். கூற்று உண்மையா பொய்யா என்று கட்டம் கட்டிப் பார்க்கும் மெய் அட்டவணை அதில்தான் வரும், அதைப் போடுவதற்கு இணையான சுலப மார்க் அந்தப் புத்தகத்திலேயே கிடையாது.

நாளை ஞாயிறு, வீடியோ காலில் பதினோராம் பாடம், நிகழ்தகவுப் பரவல். டிபன் பாக்ஸ் சீட்டை இந்த முறை எனக்கும் சேர்த்து எடுப்பேன் என்று மிரட்டியிருக்கிறாள். ஆடிட்டர் ஆபீஸில் ஜிஎஸ்டி பார்க்கிற எனக்கு ஈருறுப்புப் பரவலின் பரவற்படி (சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகிறது என்ற அளவு) சூத்திரம் எப்போதோ மறந்துபோச்சு. இன்று ராத்திரி நான் உட்கார்ந்து படிக்க வேண்டும். கைடை மூடி வைத்துவிட்டுத்தான்.