வாப்பாவின் ஜனதா

வாப்பா விட்டுப்போன எச்எம்டி ஜனதா கைக்கடிகாரம், உராய்வு குறைய உள்ளே 17 கல் வைத்தது. தினமும் சுபுஹு தொழுதுவிட்டு வந்து சாவி கொடுப்பேன். விரலில் இறுக்கம் தட்டியதும் நிறுத்திவிடுவேன். காதில் வைத்தால் நொடிக்கு ஐந்து தட்டு.

கீழக்கரையில் கடிகாரத்துக்கு எதிரி கடல்காற்றுதான். போன வருஷம் ஒரு கடையில் ஆயில் போடக் கொடுத்தேன். பின்மூடிக்குள் இருக்கவேண்டிய ரப்பர் வளையத்தைப் போடாமலே மூடிக் கொடுத்துவிட்டார்கள். (கூலியை மட்டும் குறைக்கவில்லை.) மழைக்காலம் முடிவதற்குள் கண்ணாடிக்குள் ஆவி, சாவித் தண்டில் துரு.

ராமநாதபுரத்தில் ஒரு பெரியவர் கண்ணில் லென்ஸை இடுக்கிப் பார்த்து, "உப்பு தின்னுருக்கு தம்பி" என்றார். அக்கக்காகக் கழற்றிக் கழுவி, ஊசிமுனையால் ஆயில் தொட்டு வைத்தார்.

இப்போது கடற்கரைக்கு வெறுங்கைதான். ராத்திரி அது மூடி இறுகிய டப்பாவில், மாத்திரைப் புட்டியிலிருந்து எடுத்த, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு தூங்கும்.