21 வயதில் முதல் ஒப்பந்தம்: டிடியே ட்ரோக்பா தொழில் கற்ற விதம்

ஐவரி கோஸ்ட் நாட்டின் கால்பந்து வீரர் டிடியே ட்ரோக்பா என்றாலே எல்லோரும் உடம்பைத்தான் முதலில் சொல்வார்கள். ஆறடிக்கு மேல் உயரம், டிஃபெண்டரை (தடுப்பாட்டக்காரரை) முதுகில் சுமந்தபடியே பந்தை எடுத்துப் போகிற பலம். ஆனால் ஆரம்ப வருடங்களில் அந்த உடம்புதான் அவரை அதிகம் படுத்தியது. 20களின் நடுவில்தான் அது அவர் சொன்னபடி கேட்க ஆரம்பித்தது.

மேற்கு ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்ட்டில் அவருடைய தலைமுறை வீரர்கள் பலர் வந்த பாதை வேறு. அபிஜான் நகரில் ஆசெக் மிமோசா கிளப்பின் அகாடமி, அங்கிருந்து பெல்ஜியத்தின் பெவரன் கிளப், அப்புறம் பெரிய கிளப். யாயா தூரே 18 வயதிலேயே பெவரனில் இருந்தார். எபுவே, ஜெர்வினோ, ரொமாரிக் எல்லோரும் அதே வழிதான். 1978இல் அபிஜானில் பிறந்த ட்ரோக்பாவுக்கு அந்த அகாடமி வாய்க்கவில்லை. ஐந்து வயதில், பிரான்சில் கால்பந்து ஆடிக்கொண்டிருந்த மிஷேல் கோபா என்ற சித்தப்பாவிடம் அனுப்பினார்கள். வீட்டு ஏக்கம் தாங்காமல் மூன்று வருடத்தில் திரும்பியவர், பின்னர் மறுபடி பிரான்சுக்கே போனார். சிறுவயதில் ஆடியது ரைட் பேக், அதாவது வலப்பக்கத் தடுப்பாட்டம். பிரான்சின் லெ மான் கிளப்புக்கு வந்தபோது வயது 19. கூடவே கணக்கியல் படிப்பும் ஓடியது. முதல் தொழில்முறை ஒப்பந்தம் கிடைத்தது 1999இல், 21 வயதில், அதுவும் இரண்டாம் டிவிஷனில்.

15 வயதிலிருந்து அகாடமியில் இருப்பவனுக்குத் தினசரிப் பயிற்சியின் சுமை கொஞ்சம் கொஞ்சமாகப் பழகும். எலும்பும் தசைநாரும் அதற்கேற்ப இறுகும். அந்தப் பழக்கம் இல்லாமல் நேராகத் தொழில்முறைப் பயிற்சியில் இறங்கினால் முதலில் பழுதாவது பாதமும் கணுக்காலும். ட்ரோக்பாவுக்கும் அங்கேதான் அடி விழுந்தது. பாதத்தில் முறிவு, கணுக்காலில் காயம், கீழ்க்காலில் எலும்பு முறிவு என்று ஒன்று மாற்றி ஒன்று. லெ மானில் லீக் ஆட்டங்கள் 64, கோல்கள் வெறும் 12. அந்தக் கணக்கை மட்டும் வைத்து முடிவெடுத்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

2002 ஜனவரியில் முதல் டிவிஷனில் இருந்த கேங்கோன் அவரைச் சொற்ப விலைக்கு வாங்கியது. சிறிய ஊர், சிறிய கிளப், பக்கத்தில் சக வீரராக ஃப்ளோரன் மலூடா. அடுத்த முழு சீசனில் 34 லீக் ஆட்டங்களில் 17 கோல், அணிக்கு ஏழாவது இடம். 2003இல் மார்சே, அங்கே 19 லீக் கோல், ஐரோப்பிய கிளப்புகளுக்கான யூஈஎஃப்ஏ கோப்பையில் இறுதிப்போட்டி. 2004இல் சுமார் 2.4 கோடி பவுண்டுக்கு லண்டனின் செல்சி. இரண்டாம் டிவிஷனிலிருந்து அங்கே போய்ச் சேர இரண்டரை வருடம்தான் ஆனது.

செல்சியில் முதல் இரண்டு சீசன்களிலும் லீக் பட்டம் கிடைத்தது, ஆனால் அவருடைய லீக் கோல்கள் 10, 12 மட்டுமே. விலைக்கேற்ற ஆள் இல்லை என்று முணுமுணுத்தவர்கள் நிறைய. கோல் கணக்கில் வராத ஒரு வேலையை அவர் செய்துகொண்டிருந்தார். பயிற்சியாளர் மொரீன்யோவின் 4-3-3இல் (நான்கு டிஃபெண்டர், மூன்று நடுகள வீரர், மூன்று முன்வரிசை வீரர்) நடுவில் ஒற்றை ஸ்ட்ரைக்கர், அதாவது கோல் அடிக்கும் முன்வரிசை வீரர். பின்னாலிருந்து உயரப் பந்து வரும். அதை அடக்கி, நடுகள வீரர் லாம்பார்டும் ஓரங்களில் ஆடும் விங்கர்களும் மேலே ஏறி வரும்வரை இரண்டு மூன்று விநாடி பிடித்துவைக்க வேண்டும்.

பார்க்க முரட்டு வேலை, செய்ய நுணுக்கமான வேலை. பந்து காற்றில் இருக்கும்போதே முன்னங்கையை டிஃபெண்டரின் மார்பில் வைத்து அவன் எந்தப் பக்கம் இருக்கிறான் என்று உணர வேண்டும். தள்ளினால் விசில் ஊதிவிடுவார்கள், தொட்டபடி நிற்க மட்டும்தான் அனுமதி. இடுப்பைத் தாழ்த்தி, பக்கவாட்டில் திரும்பி, அவனுக்கு எட்டாத காலால் பந்தை வாங்க வேண்டும். நெஞ்சில் வாங்கினால் மார்பை லேசாக உள்வாங்க வேண்டும், இல்லையென்றால் பந்து தெறித்து ஓடிவிடும். பலத்தை மட்டும் நம்பிப் பின்னால் சாய்கிற ஸ்ட்ரைக்கரைக் கெட்டிக்கார டிஃபெண்டர் சட்டென்று விலகியே மல்லாத்திவிடுவான். ட்ரோக்பா சாய்வதுபோல் காட்டி, அவன் எடையைத் தன்மேல் வாங்கி, அதே எடையைச் சுற்றித் திரும்பிவிடுவார். ஆர்சனலின் தடுப்பு வரிசை இதில் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. 2007 லீக் கோப்பை இறுதியில் செல்சியின் இரண்டு கோலும் அவருடையது. அந்த 2006–07இல் 20 லீக் கோலுடன், லீக்கில் அதிக கோல் அடித்தவருக்கான தங்கக் காலணி, 2009–10இல் 29 கோலுடன் மறுபடியும். அப்போது வயது 32.

அவரிடம் குறை இல்லாமல் இல்லை. 2008இல் மாஸ்கோவில் நடந்த, ஐரோப்பிய கிளப்புகளின் உச்சப் போட்டியான சாம்பியன்ஸ் லீக் இறுதியில், கூடுதல் நேரம் முடியும் தறுவாயில் மான்செஸ்டர் யுனைடெட்டின் விடிச்சின் கன்னத்தில் தட்டி ரெட் கார்டு வாங்கினார். சற்று நேரத்தில் பெனால்டி ஷூட்அவுட். அவர் இல்லாததால் ஐந்தாவது உதை செல்சி கேப்டன் டெர்ரிக்குப் போனது. டெர்ரி வழுக்கினார், கோப்பை கைநழுவியது. 2012இல் அதே போட்டியில் பார்சிலோனாவுடனான அரையிறுதியில் சொந்தப் பெனால்டி பாக்ஸுக்குள் ஃபாப்ரிகாஸை வீழ்த்தினார், மியூனிக்கில் பயர்ன் அணியுடனான இறுதியில் ரிபெரியை. இரண்டு முறையும் எதிரணிக்குப் பெனால்டி. காரணம் இரண்டுக்கும் ஒன்றுதான். தடுக்க இறங்கி வரும் ஸ்ட்ரைக்கர் பந்தைத் துரத்திக்கொண்டே வருவதால் எதிராளியின் பின்பக்கத்திலிருந்து காலை நீட்டுவார். டிஃபெண்டர்போல் முன்கூட்டியே இடம்பிடித்து நிற்கும் பழக்கம் அவருக்கு இருக்காது. பார்சிலோனாவுக்காக மெஸ்ஸி உதைத்தது குறுக்குக் கம்பத்தில் பட்டது, பயர்னுக்காக ராபன் உதைத்ததைச் செல்சி கோல்கீப்பர் செக் பிடித்தார். செல்சி தப்பித்தது.

அந்த மியூனிக் இறுதியில் பயர்னுக்கு 20 கார்னர், செல்சிக்கு ஒன்றே ஒன்று. 83ஆவது நிமிடத்தில் முல்லர் கோல் அடித்துவிட்டார். 88ஆவது நிமிடத்தில் மாட்டா அந்த ஒரே கார்னரை எடுக்கிறார். வீடியோவைப் பார்க்கும்போது பந்தை விட்டுவிட்டு ட்ரோக்பாவின் கால்களை மட்டும் பாருங்கள். பந்து கிளம்பியதும் அருகிலுள்ள கம்பத்தை நோக்கி வெட்டி ஓடுகிறார். போடெங் பின்தங்கிப்போகிறார். அங்கே ஓடிவந்து முட்டுவதில் ஒரு லாபம் உண்டு: வேகத்தைப் பந்தே கொண்டுவருகிறது, நெற்றியைத் திருப்பித் திசை கொடுத்தால் போதும். ட்ரோக்பா அதோடு கழுத்தின் முழு விசையையும் சேர்த்தார். பயர்ன் கோல்கீப்பர் நொயரின் கை பட்டும் பந்து நிற்கவில்லை. ஆட்டம் 1–1.

நாட்டுக்காக அவர் அடித்தவை 105 ஆட்டங்களில் 65 கோல். ஐவரி கோஸ்ட்டில் அந்த எண்ணிக்கையை வேறு யாரும் தொட்டதில்லை. 2005 அக்டோபரில் சூடானை வென்று முதல் உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்ற அன்று, உடைமாற்றும் அறையில் அணியோடு மண்டியிட்டு, உள்நாட்டுப் போரில் வடக்கும் தெற்குமாகப் பிளந்திருந்த நாட்டை ஆயுதங்களைக் கீழே போடும்படி கேட்டார். 2007 ஜூனில் கிளர்ச்சியாளர்களின் மையமான புவாக்கேயில் மடகாஸ்கருடன் ஆட்டம் நடந்தது, 5–0. அவர் போரையே நிறுத்தினார் என்பது மிகைதான். அமைதி ஒப்பந்தம் அதே ஆண்டு மார்ச்சிலேயே கையெழுத்தாகியிருந்தது, 2010 தேர்தலுக்குப் பின் மறுபடி ரத்தம் சிந்தியது. ஆனாலும் வடக்கும் தெற்கும் ஒரே மைதானத்தில் உட்கார்ந்து ஒரே அணிக்குக் கத்திய அந்த நாள் சின்ன விஷயம் இல்லை.

2010 உலகக் கோப்பைக்குச் சில நாள் முன்பு ஜப்பானுடனான ஆட்டத்தில் கை முறிந்தது. அறுவை சிகிச்சை செய்து, 11ஆம் நாள் கையில் கட்டோடு போர்ச்சுகலுக்கு எதிராக மாற்று வீரராக இறங்கினார். அடுத்த ஆட்டத்தில் பிரேசிலுக்கு எதிராகத் தலையால் முட்டி ஒரு கோல்.

ஆப்பிரிக்கக் கோப்பை மட்டும் கைக்கு எட்டவில்லை. 2006 இறுதியின் ஷூட்அவுட்டில் எகிப்தின் எல் ஹதாரி அவர் உதையைத் தடுத்தார். 2012 பிப்ரவரி 12, காபோனின் லிப்ரவில், மறுபடி இறுதிப்போட்டி, எதிரே சாம்பியா. 70ஆவது நிமிடத்தில் கிடைத்த பெனால்டியை வானத்துக்கு அனுப்பினார். அந்தத் தொடர் முழுக்க ஆட்டத்தில் ஒரு கோல்கூட வாங்காத அணி ஷூட்அவுட்டில் தோற்றது.

அதிலிருந்து 97 நாள் கழித்து, ஷூட்அவுட் வரை போன அந்த மியூனிக் இறுதியில் மறுபடி ஒரு பெனால்டி அவரிடம் வந்தது, அதுவும் கடைசி உதை. இம்முறை நீண்ட ஓட்டம் இல்லை. ஓரிரண்டு எட்டுதான். ஓட்டம் குறைந்தால் வேகம் குறையும், ஆனால் உடம்பு பின்னால் சாயாது, பந்தும் மேலே ஏறாது. நொயர் ஒரு பக்கம் பாய, பந்து தரையை ஒட்டி மறுபக்க மூலைக்குள் போனது. கோப்பை செல்சிக்கு.

அதன்பின் ஷாங்காய், கலாதசராய், மறுபடி ஒரு சீசன் செல்சி, மான்ட்ரியால். கடைசியாக, தானே பங்குதாரராக இருந்த அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் ரைசிங் கிளப்பில் 2018 நவம்பர் வரை ஆடினார். அப்போது வயது 40.